‘உரிய ஆவணங்கள்’ எவை என்று சொல்லுங்கள்: மதுரை மாவட்ட அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்தின் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி அலுவலகங்களிலும் பொதுமக்களுக்கான கடிதங்களையும் அறிவிப்புகளையும் வரைவு செய்யும் உதவியாளர்கள், அவற்றைத் திருத்தும் கண்காணிப்பாளர்கள், கையெழுத்திடும் அலுவலர்கள் ஆகியோருக்கு.

வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டுகள் அரசு அலுவலகங்களில் எழுத்துப் பணி பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வருகிறவர்களில், எழுதத் தெரியாதவர்களுக்கும், எழுதத் தெரிந்தும் எதை எப்படிக் கேட்பதென்று தெரியாமல் நிற்பவர்களுக்கும், அண்ணா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தருகிறேன். அதற்குப் பணம் வாங்குவதில்லை. வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே தங்களுக்கு வந்த ஒரு கடிதத்தையும் கையோடு கொண்டுவந்து, “இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்கய்யா” என்று நீட்டுகிறார்கள். பணியில் இருந்தவரை, கடிதம் தபாலில் சேர்ந்ததோடு என் வேலை முடிந்துவிட்டது என்றிருந்தேன். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த வீட்டில் அது என்ன செய்கிறது என்பதை இந்த மரத்தடியில்தான் பார்க்கிறேன். பார்த்த பிறகு உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடந்த மாசி மாதத்தில் உசிலம்பட்டிக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கும் கூலி வேலை. விடியும் முன் செடிக்குப் போனால்தான் அன்றைய கூலி. மதுரைக்கு வருவதென்றால் அந்த நாள் போயிற்று. ரேஷன் கார்டு, ஆதார், கணவரின் இறப்புச் சான்று எல்லாவற்றையும் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை மஞ்சப்பைக்குள் வைத்திருந்தார். உறையின் நடுவில், நான்காக மடித்து மடிப்பு நைந்துபோன ஒரு தாள். அவருடைய பட்டா மாறுதல் மனுவுக்கு ஓர் அலுவலகம் அனுப்பிய பதில். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இப்படிப்பட்ட கடிதம் எந்த அலுவலகத்திலிருந்தும் வந்திருக்கலாம். பொருள், பார்வை 1, பார்வை 2 எல்லாம் முடிந்த பிறகு அதில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்:

“பார்வை 1-இல் காணும் மனுதாரரின் மனு பரிசீலிக்கப்பட்டதில், மேற்படி புலமானது கூட்டுப் பட்டாவில் தாக்கலாகியுள்ள நிலையில் உட்பிரிவு செய்யப்பட வேண்டியுள்ளதால், மனுதாரர் உரிய ஆவணங்களுடன் உரிய வழிமுறையில் விண்ணப்பிக்கும்பட்சத்தில் விதிகளுக்குட்பட்டுப் பரிசீலிக்கப்படும் என்ற விவரம் இதன்மூலம் மனுதாரருக்குத் தெரிவிக்கப்படுகிறது.”

கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். எட்டு மாதம் ஆகியிருந்தது. “இத்தன நாளா ஏம்மா வரல?” என்று கேட்டேன். “பரிசீலிப்போம்னுதான போட்டிருக்காக ஐயா, அதான் வருவாகன்னு காத்துக்கிட்டு இருந்தேன்” என்றார். பத்தாவது படிக்கும் மகள்தான் வாசித்துக் காட்டியிருக்கிறாள். தாயும் மகளும் அந்தக் கடிதத்தில் தங்களுக்குப் பிடிபட்ட ஒரே வினைச்சொல்லைப் பற்றிக்கொண்டு எட்டு மாதம் இருந்திருக்கிறார்கள். அலுவலகமோ அதே எட்டு மாதமும் அவர் விண்ணப்பிக்கட்டும் என்று காத்திருந்தது. கோப்பு முடிந்துவிட்டது என்பது பதிவேட்டில் இருந்தது, அவருக்குத் தெரியாது.

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை, விதிமீறல் இல்லை, எழுத்துப் பிழைகூட இல்லை. தணிக்கைக்குப் போனாலும் எவரும் ஒரு கோடு கிழிக்க மாட்டார்கள். ஆனால் ‘இந்த மனுவை வைத்துப் பட்டா தர முடியாது’ என்பதை அது எந்த இடத்திலும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை எழுதினால் இப்படி இருந்திருக்கும்:

“இப்போது நீங்கள் கொடுத்துள்ள மனுவை வைத்துப் பட்டா மாற்ற இயலாது. உங்கள் கணவர் வாங்கிய 40 சென்ட் நிலம் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. அதை அளந்து தனியாகப் பிரித்த பிறகுதான் உங்கள் பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் தனிப் பட்டா தர முடியும். அதற்கு நீங்கள் அருகிலுள்ள இ-சேவை மையத்துக்குப் போய், உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல் வேண்டும் என்று விண்ணப்பிக்க வேண்டும். கிரயப் பத்திரம், கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நில அளவர் அளக்க வரும் தேதியை உங்களுக்கு முன்னதாகத் தெரிவிப்பார்.”

இது முன்னதைவிட நீளமானது என்பதைக் கவனியுங்கள். சுருக்கமாக எழுதுவதுதான் எளிமை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நன்னூல் ஒரு நூலுக்குச் சொல்லும் பத்து அழகில் சுருங்கச் சொல்லல் முதலாவது, விளங்க வைத்தல் இரண்டாவது. முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை விட்டால் ‘தங்கள் மனு நிராகரிக்கப்பட்டது’ என்ற மூன்று சொல் கடிதம்தான் மிஞ்சும். அது சுருக்கம்தான், ஆனால் அதில் விளங்குவதற்கு ஒன்றுமே இல்லை.

நம் அலுவலகக் கடிதங்களில் மிகுந்த கேடு செய்யும் சொல் எது என்று என்னைக் கேட்டால், ‘உரிய’ என்பேன். உரிய ஆவணம், உரிய படிவம், உரிய கட்டணம், உரிய அலுவலர், உரிய காலத்தில். எழுதுகிற நமக்கு அது எந்த ஆவணம், எந்தப் படிவம் என்று தெரியும். தெரிந்ததால்தான் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டுக் கடந்துபோகிறோம். படிக்கிறவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் முதலிலேயே கொண்டுவந்திருப்பார். ஆக, எதைத் தெரிந்துகொள்ள அவருக்குக் கடிதம் தேவையோ, சரியாக அந்த இடத்தில் நாம் ‘உரிய’ என்று எழுதி மூடிவிடுகிறோம். அதைத் தெரிந்துகொள்ள அவர் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும், அல்லது அலுவலக வாசலில் நிற்கும் யாரோ ஒருவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். இடைத்தரகர்களிடம் ஏமாறாதீர்கள் என்று நாமே சுவரில் எழுதி வைக்கிறோம். அந்த இடைத்தரகருக்கு வேலை கொடுப்பது நம் கடிதத்தில் உள்ள இந்த மூன்றெழுத்துச் சொல்தான்.

இரண்டாவது கேடு, செய்கிறவர் இல்லாத வினை. பரிசீலிக்கப்படும், நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது, அறிவுறுத்தப்படுகிறது, தெரிவிக்கப்படுகிறது. யார் பரிசீலிப்பார், யார் எடுத்து வருகிறார் என்று தேடினால் ஆளே இல்லை. தமிழில் நாம் வீட்டில் இப்படிப் பேசுவதில்லை. ‘சோறு வடிக்கப்பட்டுவிட்டது’ என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. இந்த நடை எங்கிருந்து வந்தது என்பது என் தலைமுறை எழுத்தர்களுக்குத் தெரியும். 1956-இல் தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. கீ. இராமலிங்கனார் போன்றவர்கள் ஆட்சித் துறைக்கான தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடித் தந்தார்கள். அவர்கள் உழைப்பு இல்லையென்றால் வருவாய்த் துறைக் கோப்பை இன்று நாம் தமிழில் எழுத முடியாது. ஆனால் சொற்கள் தமிழாக மாறியபோது, ஆங்கிலேயர் காலத்து வரைவுகளின் வாக்கிய அமைப்பு அப்படியே நின்றுவிட்டது. பழைய ஆங்கில வரைவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றிய கை முதலில் ஒன்றுதான். அதற்குப் பிறகு வந்த நாமெல்லாம் அந்தக் கையெழுத்தைப் பார்த்து எழுதியவர்கள். மேற்கண்ட பொருள் தொடர்பாக என்று தொடங்கி இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது என்று முடிக்காவிட்டால் அது அரசுக் கடிதமே இல்லை என்று நமக்குள் ஒரு பயம் வந்துவிட்டது.

மேலூர்ப் பக்கம் மாங்குளம் குன்றில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்துகள் இருக்கின்றன. உங்களில் சிலர் பணி நிமித்தமாகவே அந்தக் குன்றுக்குப் போயிருப்பீர்கள். அவற்றுள் ஒன்று, நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி, கணிநந்தன் என்ற துறவிக்குப் பள்ளி, அதாவது தங்கும் இடம், வெட்டுவித்ததைச் சொல்கிறது. யார், யாருக்கு, என்ன செய்தார், யாருடைய ஆள் அவர் என்பது முழுக்க ஒரே வரியில் இருக்கிறது. அதுவும் ஒரு பாண்டியனின் அலுவலரைப் பற்றிய எழுத்துதான். கல்லில் ஒவ்வோர் எழுத்தையும் உளியால் வெட்ட வேண்டியிருந்ததாலோ என்னவோ, வெட்டியவர்கள் செய்தவனின் பெயரை விடவில்லை. ஒரு விசையைத் தட்டினால் பழைய வரைவு முழுவதும் திரையில் வந்துவிடும் இந்தக் காலத்தில்தான் ஆளில்லாத வினைகள் பெருகுகின்றன.

நான் இதில் குற்றமற்றவன் அல்லன். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் ஒரு முதியவரின் உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வயதுச் சான்று இணைக்கப்படவில்லை. குறை அது ஒன்றே. குறிப்புக் கோப்பில் அதை என் கையாலேயே எழுதி மேலே வைத்தேன். ஆனால் அவருக்குப் போன கடிதத்தில், முந்தைய கோப்பைப் பார்த்து, “விதிகளின்படி தகுதியின்மையால் நிராகரிக்கப்படுகிறது” என்று எழுதினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் ஊருக்கு விசாரணைக்காகப் போனபோதுதான் தெரிந்தது, தமக்குத் தகுதி இல்லை என்று அரசே சொல்லிவிட்டதாக அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, மறுபடி விண்ணப்பிக்கவே இல்லை என்பது. அரசு மருத்துவரிடம் ஒரு வயதுச் சான்று வாங்கி இணையுங்கள் என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இரண்டு ஆண்டுப் பணம் அந்த ஒரு வரியில் போயிற்று. அதை நினைக்காத நாள் குறைவு.

அதன்பிறகு எனக்கு வாய்த்த ஒரு கண்காணிப்பாளர், என் வரைவு ஒன்றைத் திருப்பிக் கொடுத்துச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. “தம்பி, இந்தக் கடிதத்தை அவர் வாசிக்கப் போறதில்ல. அவங்க ஊர் டீக்கடையில வேற யாராவது சத்தமா வாசிப்பாங்க, அவர் பக்கத்துல நின்னு கேட்பார். வாசிக்கிறவனுக்கு மூச்சுவிட இடம் வை. கேட்கிறவருக்கு ஒரு தடவையிலயே புரியணும்.” அன்றிலிருந்து ஒவ்வொரு வரைவையும் கோப்பில் வைப்பதற்கு முன் உதடு அசைய வாசித்துப் பார்ப்பேன். மூச்சு முட்டுகிற இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

தெளிவாக எழுதுவதற்குப் பெரிய படிப்பு வேண்டும் என்பதில்லை. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கமிஷன் கடைக்காரர் விவசாயிக்குக் கொடுக்கும் துண்டுச் சீட்டைப் பாருங்கள். எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, கமிஷன் எவ்வளவு, முன்பணத்தில் கழித்தது எவ்வளவு, கையில் எவ்வளவு. அதிகாலை இருட்டில், மின்விளக்கின் அடியில், கைவிரல் அகலத் தாளில் எழுதியது. விவசாயி ஒரு நொடி பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைக்கிறார். சந்தேகம் இருந்தால் அங்கேயே சண்டை போடுகிறார். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையின் மேல் 1-0-1 என்று எழுதித் தருகிறார்கள். பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று அது சொல்லிவிடுகிறது. இந்த இரண்டிலும் எழுதுகிறவருக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது: தவறாகப் புரிந்தால் அடுத்த நிமிடமே எதிரில் வந்து கேட்பார்கள். நம் கடிதத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவர் நம் எதிரில் வருவதற்கு எட்டு மாதம் ஆகிறது. வரும்போதும் புதிய மனுவோடு வருகிறார். நாமும் புதிய எண் போட்டு, புதிய கோப்பு திறக்கிறோம். தபால் பிரிவில் குவியும் மனுக்களில் எத்தனை, நம் பழைய கடிதம் புரியாததால் வந்தவை என்று ஒரு வாரம் மட்டும் எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அதைப் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு நீதிமன்றத்துக்குப் போனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும், ஆகவே சட்ட மொழியில்தான் எழுத முடியும் என்பீர்கள். சட்டச் சொற்களை விடச் சொல்லவில்லை. புல எண், உட்பிரிவு, சிட்டா, அடங்கல், வில்லங்கம், ஜமாபந்தி ஆகிய சொற்கள் கடினமானவை என்று யார் சொன்னது? நிலம் வைத்திருக்கும் எவருக்கும் அவை நம்மைவிட நன்றாகத் தெரியும். நான் எழுதிக் காட்டிய மாற்றுக் கடிதத்திலும் கூட்டுப் பட்டாவும் உட்பிரிவும் அப்படியே இருக்கின்றன. புரியாமல் போவது அந்தப் பெயர்ச்சொற்களால் அல்ல. அவற்றைச் சுற்றி நாம் கட்டும் நிலையில், பட்சத்தில், உட்பட்டு, பொருட்டு என்ற வேலியால்தான். நீதிமன்றத்தில் நமக்கு இடர் தருவதும் பெரும்பாலும் இந்த மூட்டம்தான்: காரணம் சொல்லாமல் நிராகரித்தீர்கள் என்று கேட்டால், உரிய ஆவணம் என்ற சொல்லைக் காட்டித் தப்ப முடியாது.

சட்டமே இதற்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், ஒரு கோரிக்கையை மறுத்தால், மறுப்பதற்கான காரணம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், யாரிடம் செய்ய வேண்டும் என்ற மூன்றையும் மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 7-ஆம் பிரிவு சொல்கிறது. தகவல் கேட்ட மனுவுக்குப் பதில் எழுதும்போது இதைப் பின்பற்றுகிறோம். பட்டா கேட்ட மனுவுக்கும் உதவித்தொகை கேட்ட மனுவுக்கும் வீட்டுவரிப் பெயர் மாற்றத்துக்கும் அதே மூன்றை எழுதக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நம் அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆவது உறுப்பு, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. கேட்பதற்கு அவருடைய மொழியில் உரிமை இருக்கும்போது, பதிலும் அவருக்கு விளங்கும் மொழியில் வர வேண்டும் என்பது என் வாதம். தமிழ் எழுத்தில் இருப்பதால் மட்டும் ஒரு கடிதம் அவருடைய மொழியில் இருப்பதாகிவிடாது.

தூய தமிழில் எழுத வேண்டுமா, வழக்கில் உள்ள சொல்லா என்ற கேள்வியையும் சிலர் எழுப்புவார்கள். தமிழ்ச் சொல்லை முதலில் எழுதுங்கள்; அதன் பக்கத்திலேயே மக்கள் சொல்லும் சொல்லையும் ஒருமுறை எழுதிவிடுங்கள். குடும்ப அட்டை என்று எழுதிவிட்டு ‘அதாவது ரேஷன் கார்டு’ என்று சேர்த்தால் தமிழ் குறைந்துவிடாது. அடுத்த முறை அவர் வாயிலும் குடும்ப அட்டை வரலாம்.

பயத்தைப் பற்றி ஒரு சொல். வரி, கட்டணம் தொடர்பான அறிவிப்புகளில் “தவறும்பட்சத்தில் சட்டப்படியான மேல்நடவடிக்கை மேற்கொள்ளப்படும்” என்ற வரி தவறாமல் இருக்கும். சென்ற ஆண்டு ஒரு பெரியவர் அந்த வரியோடு வந்தார். வீட்டை ஜப்தி செய்ய வருகிறார்கள் என்று நம்பி, மூன்று நாள் தூங்காமல், மகளின் நகையை அடகு வைத்துவிட்டு வந்திருந்தார். பாக்கி ஓர் அரையாண்டுத் தொகைதான். அதையும் தவணையாகக் கட்ட முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கலாம். எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள், எந்த இடத்தில் கட்டலாம், கட்ட முடியாவிட்டால் யாரைப் பார்க்க வேண்டும் என்பவை அந்தத் தாளில் பொடி எழுத்தில் பின்பக்கம் இருந்தன. முன்பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது மேல்நடவடிக்கை மட்டும். முத்திரையும் கடைசித் தேதியின் மேலேயே விழுந்திருந்தது. நான் வெயிலில் தூக்கிப் பிடித்துத்தான் அதைப் படித்தேன்.

எல்லாக் கடிதங்களையும் நாளையே மாற்றிவிடுங்கள் என்று கேட்கவில்லை. அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை என்ன என்பது எனக்குத் தெரியும். உங்கள் பிரிவில் அதிகமாக அனுப்பும் ஐந்தாறு கடிதங்களின் மாதிரி வரைவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடியுமா, முடியாதா, இன்னும் முடிவாகவில்லையா என்பதை முதல் வாக்கியத்தில் வையுங்கள். பொருளும் பார்வையும் அதற்கு மேல் இருந்துவிட்டுப் போகட்டும். ஏன் என்பதை அடுத்து எழுதுங்கள். அவர் செய்ய வேண்டியது என்ன, எங்கே, எதை எடுத்துக்கொண்டு, எந்தத் தேதிக்குள் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் பேசக் கூடிய ஒரு தொலைபேசி எண்ணும் எந்தப் பிரிவு என்பதும் கீழே இருக்கட்டும். எழுதி முடித்ததும், திங்கட்கிழமை வரிசையில் நிற்கும் யாராவது ஒருவரிடம் அந்த வரைவை வாசித்துக் காட்டி, “இதக் கேட்டா நீங்க என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள். புரியாவிட்டாலும் மரியாதைக்காகப் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். என்ன செய்வீர்கள் என்று கேட்டால்தான் கடிதம் வேலை செய்கிறதா என்பது தெரியும்.

இதில் கண்காணிப்பாளர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். இளைய உதவியாளர் எளிமையாக எழுதிக் கொண்டுவரும் வரைவை, அலுவலக நடை இல்லை என்று சொல்லி நாம்தான் அடித்துத் திருத்துகிறோம். இப்போது தேர்வு எழுதி வரும் பிள்ளைகள் நல்ல தமிழ் எழுதக் கூடியவர்கள். ‘நாங்கள் பார்த்தோம்’ என்று அவர்கள் எழுதுவதை ‘பார்வையிடப்பட்டது’ என்று சிவப்பு மையால் மாற்றும் வழக்கத்தை நிறுத்தினாலே பாதி வேலை முடியும்.

உங்களில் யாரேனும் மாதிரி வரைவுகளைத் திருத்த விரும்பினால், எந்தத் திங்கட்கிழமையும் அந்த மரத்தடிக்கு வரலாம். நானும் உட்கார்ந்து பார்க்கிறேன், அங்கே வாசித்துக் காட்டுவதற்கு ஆள்களுக்கும் குறைவில்லை.

நான் சொன்ன அந்த அம்மா, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டார். நிலத்தை அளக்க வரும் நாளைச் சொல்லும் அறிவிப்பு அவருக்கு வர வேண்டும். அது வந்ததும் மகளை வாசிக்கச் சொல்வார். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த எல்லையில் நிற்க வேண்டும், எந்தப் பத்திரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கும் அவர் பூப்பறிக்கப் போக முடியாது. அந்த ஒரு நாளோடு அது முடியட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர்,
மதுரை.